இரவல் சட்டை போட்ட மீன்

றொசல்லயில் எந்த மேட்டில் ஏறி நின்றாலும் கடல் தெரியாது. தேயிலை மலைகளும் மூடுபனியும், வட்டவளையிலிருந்து ஹட்டனை நோக்கி ஏறும் ரயில் பாதையும்தான் தெரியும். கடல் எங்களிடம் வந்து சேர்வது கருவாடாகத்தான். ஆகவே இந்த மலருக்கு ஒரு கடல் மீனைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும், "மலையில இருந்துகொண்டு கடலைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?" என்று மாமி கேட்டார். நியாயமான கேள்விதான்.

அதற்கு என்னிடம் இரண்டு பதில்கள் உண்டு. எங்கள் மலைகளிலிருந்து நாவலப்பிட்டிப் பக்கமாக இறங்கும் ஓடைகள் மகாவலியில் சேர்கின்றன. 335 கிலோமீற்றர் ஓடி, அந்த ஆறு திருகோணமலையின் கொட்டியாரக் குடாவில் கடலோடு கலக்கிறது. ஆகவே கடலுக்கும் எங்களுக்கும் இடையில் இருப்பது ஓர் ஆற்றின் தூரம் மட்டுமே. மற்றப் பதில், நான் எழுதப்போகும் மீன் செய்கின்ற அதே காரியத்தை எங்கள் வீட்டுத் தோட்டத்தில் பறக்கும் ஒரு வண்ணத்துப்பூச்சியும் செய்கிறது என்பது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் மீனைப் பார்ப்போம்.

நம்பிக்கைக்குரிய மீன்

வேடம் போடும் மீனை விளங்கிக்கொள்ள, அது யாருடைய வேடத்தைப் போடுகிறது என்பதை முதலில் அறிய வேண்டும். முருகைக்கற்பாறைகளில் ஒரு சிறிய மீன் வாழ்கிறது. அதன் விஞ்ஞானப் பெயர் லப்ரோயிடீஸ் டைமிடியாட்டஸ். நாம் அதைத் துப்புரவு மீன் என்றே அழைப்போம். மிஞ்சிப்போனால் 14 சென்ரிமீற்றர் வளரும். வளர்ந்த மீன் வெளிர் நீல உடலில் கறுப்புப் பட்டையோடு இருக்கும். குஞ்சுப் பருவத்திலோ உடல் முழுவதும் கறுப்பு, முதுகோடு ஒரு பளிச்சென்ற நீலக்கோடு. இந்த நீலக்கோட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாறையில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு இந்த மீன் தொழில் நடத்துகிறது. மற்ற மீன்களின் தோலிலும் செவுளிலும் ஒட்டியிருக்கும் ஒட்டுண்ணிகளைத் தின்பதுதான் தொழில். கிளிமீன்களும் கலவாய்களும் அதனிடம் தேடி வரும். செட்டைகளை விரித்து, வாயைத் திறந்து அசையாமல் நிற்கும். ஒரே விழுங்கில் அந்தச் சிறு மீனைத் தின்றுவிடக்கூடிய பெரிய மீனும்கூட அதைத் தன் வாய்க்குள் நுழைந்து வெளியே வர விடும். அவுஸ்திரேலியாவின் லிசர்ட் தீவில் ஆய்வு செய்த அலெக்ஸாண்ட்ரா குரூட்டர் என்ற பெண் விஞ்ஞானி, ஒரு துப்புரவு மீன் நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,200 ஒட்டுண்ணிகளைத் தின்கிறது என்று கணக்கிட்டார்.

ஆனால் துப்புரவு மீனும் முழுக்கத் தூயவர் அல்ல. ஒட்டுண்ணியைவிட, வந்த மீனின் உடலைப் போர்த்தியிருக்கும் சளிப்படலம்தான் அதற்கு அதிகம் பிடிக்கும். அதைக் கடித்தால் வாடிக்கையாளர் திடுக்கிட்டு உதறும்; ஓடிவிடும்; சில வேளை விரட்டவும் செய்யும். ரெடுவான் பிஷாரியும் குரூட்டரும் 2006ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு சுவையானது. வேறு மீன்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது துப்புரவு மீன் தன் ஆசையை அடக்கி ஒழுங்காக வேலை செய்கிறது என்று அவர்கள் காட்டினார்கள். ஊர் பார்க்கிறது என்பதால் கை சுத்தமாக இருக்கிறது. இந்தக் கண்காணிப்பின் மேல்தான் பாறையின் நம்பிக்கை நிற்கிறது.

கோரைப்பல்காரன்

அந்த நம்பிக்கைக்குள் புகுந்து வாழ்கிறது இன்னொரு மீன். பிளாஜியோட்ரீமஸ் ரைனோரிங்கஸ் என்பது விஞ்ஞானப் பெயர். ஒல்லாந்து இராணுவ மருத்துவராக இந்தோனேசியாவில் பணியாற்றிய பீற்றர் பிளீக்கர் 1852இல் இதை விவரித்துப் பெயரிட்டார். செங்கடலிலும் கிழக்கு ஆபிரிக்கக் கரையிலும் தொடங்கி, இந்து சமுத்திரத்தைக் கடந்து, பசிபிக்கின் நடுத்தீவுகள் வரை அயனமண்டலக் கடல்களில் இது பரவியிருக்கிறது. நீளம் 12 சென்ரிமீற்றர் வரைதான். புழுக்கள் விட்டுப்போன குழாய்களிலும் சிறு பொந்துகளிலும் தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு கிடக்கும். கீழ்த்தாடையில் வளைந்த இரண்டு நீண்ட பற்கள் உண்டு. நீலக்கோடும் கோரைப்பல்லும் கொண்டதால் இதை நீலக்கோட்டுக் கோரைப்பல்லன் என்று நான் அழைக்கிறேன்.

இதன் உணவு ஒட்டுண்ணி அல்ல. மற்ற மீன்களின் செதிலும் தோலும் சளியும்தான். அருகே போகாமல் கடிக்க முடியாது. அருகே போனால் எந்த மீனும் விலகிவிடும். அதனால் துப்புரவு மீனின் குஞ்சைப் போல, கறுப்பு உடலும் நீலக்கோடுமாக இது மாறிவிடுகிறது. துப்புரவு செய்ய வருகிறது என்று நம்பி வாடிக்கையாளர் நிற்கும். மின்னல் வேகத்தில் ஒரு கடி. பிறகு ஆள் இல்லை.

இந்த வேடம் நிரந்தரமானது அல்ல. இசபெல் கோட்டே, கரன் சேனி என்ற இரு பெண் ஆய்வாளர்கள் 2005இல் 'நேச்சர்' சஞ்சிகையில் இதைப் பற்றி எழுதினார்கள். கோரைப்பல்லன் தேவைப்படும்போது நீலக்கோட்டை ஏற்றும், தேவையில்லாதபோது களைந்துவிடும். அருகே துப்புரவுக் குஞ்சு இருந்தால்தான் நீலக்கோடு; இல்லாவிட்டால் பழுப்பு, இளம்பச்சை, செம்மஞ்சள் என்று வேறு நிறத்துக்கு மாறி, அந்த நிறமுள்ள மீன் கூட்டத்துக்குள் ஒளிந்துகொள்ளும்.

எப்படி முடிகிறது? மீனின் தோலில் நிறத்துணிக்கைகள் நிரம்பிய கலங்கள் இருக்கின்றன. துணிக்கைகள் கலம் முழுவதும் பரவினால் நிறம் கடுமையாகும். நடுவில் ஒடுங்கினால் வெளிறும். நீலம் பெரும்பாலும் சாயத்தால் வருவதில்லை. மெல்லிய பளிங்குத் தகடுகள் கொண்ட வேறுவகைக் கலங்கள் ஒளியைத் தெறிக்கச் செய்வதால் வருவது. மீனின் நரம்புகளும் ஓமோன்களும் இவற்றை ஆட்டுவிக்கின்றன.

வேடத்தின் வகைகள்

பாறையில் வேடதாரிகள் பலர். எல்லோரும் கடிக்க வந்தவர்கள் அல்லர். பேத்தை மீனைக் கரையோர மக்கள் அஞ்சுவார்கள். அதன் உடலில் உள்ள நஞ்சு ஆளையே கொல்லக்கூடியது. பேத்தை இனத்தில் கறுப்புச் சேணம் போட்டது போன்ற பட்டைகளுடன் ஒரு சிறிய மீன் உண்டு. அதை அப்படியே உரித்து வைத்ததுபோல, நஞ்சே இல்லாத இன்னொரு மீன் இருக்கிறது. இரைகௌவிகள் இரண்டையும் ஒன்றென்று எண்ணி விட்டுவிடுகின்றன. செட்டையைப் பார்த்தால் பிரித்தறியலாம். பேத்தையின் முதுகுச் செட்டை சிறியது. போலியின் செட்டை நீண்டு ஓடும். முதுகில் ஒரு முள்ளும் இருக்கும். இது பாதுகாப்புக்காகப் போடும் வேடம். கோரைப்பல்லன் போடுவது தாக்குவதற்கான வேடம்.

மூன்றாவது வகையும் உண்டு. அவுஸ்திரேலியப் பவளத்தடுப்புப் பாறையில் வாழும் ஒரு சிறு வேட்டை மீன், சுற்றியிருக்கும் மீன்கள் மஞ்சளாக இருந்தால் மஞ்சளாகவும் பழுப்பாக இருந்தால் பழுப்பாகவும் இரண்டு வாரங்களுக்குள் மாறுகிறது. நிறம் பொருந்தியிருக்கும்போது அந்த மீன்களின் குஞ்சுகளைப் பிடிப்பதில் அது மூன்று மடங்கு வரை அதிக வெற்றி பெறுகிறது என்று 2015இல் ஃபாபியோ கோர்ட்டேசி குழுவினர் காட்டினார்கள்.

இனி நான் சொன்ன வண்ணத்துப்பூச்சி. கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் வளரும் புழுக்களிலிருந்து வரும் கருநிற வண்ணத்துப்பூச்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆங்கிலத்தில் கொமன் மோர்மன் என்பார்கள். ஆண் ஒரே தோற்றந்தான்: கறுப்புச் சிறகில் வெள்ளைப் புள்ளி வரிசை. பெண்ணுக்கு நம் நாட்டில் மூன்று தோற்றங்கள். ஒன்று ஆணைப் போன்றது. மற்ற இரண்டும், ஈஸ்வரமூலிக் கொடி போன்ற நச்சுக்கொடிகளைத் தின்று வளர்ந்ததால் பறவைகளுக்குக் கசக்கும் வேறு இரண்டு வண்ணத்துப்பூச்சிகளைப் போன்றவை. பறவை ஒருமுறை கசப்பை ருசித்தால் பிறகு அந்தச் சிவப்புப் புள்ளிகளைக் கண்டாலே தவிர்க்கும். கசப்பில்லாத போலியும் தப்பிவிடும். அடுத்தமுறை பார்க்கும்போது உடலைக் கவனியுங்கள். உண்மையான கசப்புப் பூச்சியின் உடலில் சிவப்பு இருக்கும். போலியின் உடல் கறுப்பு. சிறகைப் பார்த்து எழுதிய நகலில் உடல் விடுபட்டுப் போயிற்று.

அமேசன் காடுகளில் 11 ஆண்டுகள் அலைந்த ஹென்றி வோல்ட்டர் பேற்ஸ் என்ற ஆங்கிலேயர்தான் 1862இல் இந்தப் பாதுகாப்பு வேடத்துக்கு முதலில் விளக்கம் எழுதினார். நாம் பேசிய வண்ணத்துப்பூச்சியின் பெண் தோற்றங்களை 1865இல் ஆராய்ந்தவர் அல்பிரட் ரஸல் வொலஸ். பிறகு 2014இல் இந்தியரான கிருஷ்ணமேக் குந்தேயும் அவரது குழுவினரும் இந்தப் பெண் வேடங்களை ஒரேயொரு பரம்பரையலகு இயக்குகிறது என்று கண்டார்கள். நம் கறிவேப்பிலை மரத்தடியில் நடக்கும் விடயம், உலக விஞ்ஞானத்தில் 150 ஆண்டுகளாக நடக்கும் ஓர் உரையாடல்.

பொய்யின் கணக்கு

வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு தோழி, "அப்படியென்றால் ஏமாற்றுகிறவன்தான் பிழைக்கிறான், இல்லையா?" என்று கேட்டாள். எனக்கு இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டுதலாக இருந்தது அந்தக் கேள்விதான். கணக்கைப் பார்த்தால் விடை வேறாக வருகிறது.

கோட்டேயும் சேனியும் இந்தோனேசியப் பாறைகளில் கோரைப்பல்லன்களைப் பின்தொடர்ந்து எண்ணினார்கள். துப்புரவுக் குஞ்சின் அருகில் இருக்கும்போது, தூரத்தில் இருப்பதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு மீன்கள் அதன் பக்கம் வந்தன. உண்மையான தொழிலாளி பக்கத்தில் இருந்தால்தான் போலிக்கு வியாபாரம். அதே வேளையில் தொழிலாளிக்கு நட்டம்: போலி நிற்கும் இடத்தில் துப்புரவு மீனிடம் குறைவான வாடிக்கையாளர்களே வந்தார்கள், அதன் உணவு நேரமும் குறைந்தது. இதை அவர்கள் 2004இல் எழுதினார்கள். அடுத்த ஆண்டு இன்னொன்றையும் காட்டினார்கள்: தொழிலாளிகளோடு ஒப்பிடும்போது போலிகளின் விகிதம் கூடினால், போலியின் வெற்றி குறைகிறது.

காரணம் எளிது. ஒரு மீன் பத்துத் தடவை துப்புரவு பெற்று ஒரு தடவை கடிபட்டால், நீலக்கோட்டை இன்னும் நம்பும். ஐந்து தடவை கடிபட்டால் நம்பாது. ஆகவே போலி வாழ வேண்டுமானால், போலியை விட உண்மையானவை மிகப் பலவாக இருந்தே ஆகவேண்டும்.

கடிபட்டவர்களும் சும்மா இருப்பதில்லை. செங்கடலில் இதே வகையைச் சேர்ந்த இன்னொரு கோரைப்பல்லனைப் பிஷாரி குடும்பத்தினர் இருவர் ஆராய்ந்து 2010இல் வெளியிட்டார்கள். கடிபட்ட மீன் திரும்பி விரட்டினால், கடித்தவன் அடுத்த தடவை அந்த இனத்தை விட்டு வேறு இனத்தைத் தேடிப் போக வாய்ப்பு அதிகம். விரட்டியது ஒரு மீன். நன்மை அதன் இனத்து அயலவர் எல்லோருக்கும். ஏமாற்றப்பட்டபோது பேசாமல் போகாமல் எதிர்த்து நிற்பது, நிற்பவருக்கு மட்டும் உதவும் காரியம் அல்ல.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். மீனுக்கு வஞ்சகம் தெரியாது. நீலக்கோடு சற்று அதிகம் பொருந்திய மீனுக்குக் கொஞ்சம் அதிக உணவு. கொஞ்சம் அதிகக் குஞ்சுகள். அது எண்ணற்ற தலைமுறைகள் தொடர்ந்ததன் விளைவு இது. இயற்கைத் தேர்வு என்று எங்கள் பாடநூல் சொல்வது இதைத்தான். 'பொய்', 'ஏமாற்று' என்பன நாம் அதற்கு வைத்த சொற்கள். பொய் என்று தெரிந்தே பொய் சொல்வது மனிதர் மட்டும் செய்வது. பொறுப்பும் நமக்கு மட்டுமே.

நல்லவன் போனால்

துப்புரவு மீன் இல்லாவிட்டால் என்ன நடக்கும்? லிசர்ட் தீவில் சில சிறு பாறைகளிலிருந்து துப்புரவு மீன்களை எட்டரை ஆண்டுகள் தொடர்ந்து அகற்றிப் பார்த்தார்கள். 2011இல் வந்த முடிவு இது: அவை இருந்த பாறைகளோடு ஒப்பிடும்போது, அங்கே நிலையாக வாழும் மீன்களின் எண்ணிக்கை 37 சதவீதம் குறைவு, இனங்களின் எண்ணிக்கை 23 சதவீதம் குறைவு. விரலளவு மீன் ஒன்று போனால் ஓர் ஊரே மெலிகிறது. நீலக்கோட்டுக்கு மதிப்புக் கொடுத்தவன் போனபின் கோரைப்பல்லனின் நீலக்கோட்டையும் எந்த மீனும் மதிக்காது. சட்டைக்குச் சொந்தக்காரன் இல்லாத ஊரில் இரவல் சட்டைக்கு என்ன பயன்?

இது தூரத்துக் கதை அல்ல. 1998இல் கடல்நீர் அளவுமீறிச் சூடானபோது ஹிக்கடுவை உள்ளிட்ட நம் கரைகளின் ஆழங்குறைந்த முருகைகள் வெளிறி, பெரும்பகுதி மடிந்தன. முருகை என்பது கல்லல்ல. கோடிக்கணக்கான சிறு விலங்குகள் கட்டிய வீடு. அவற்றின் உடலுக்குள் வாழும் நுண்ணிய பாசிகள்தான் உணவில் பெரும்பங்கைத் தருகின்றன. நீர் சூடானால் பாசி வெளியேறும், முருகை வெளிறும், நீண்டால் பட்டினியில் சாகும். திருகோணமலைப் பக்கத்துப் பாறைகள் அந்த ஆண்டு பெரும்பாலும் தப்பின. நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவும் அதைச் சுற்றிய கடலும் 2003இல் தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டன.

சூட்டைத் தவிர வேறு ஆபத்துகளும் உண்டு. அலங்காரத் தொட்டிகளுக்காகக் கடல் மீன்களைப் பிடித்து ஏற்றுமதி செய்வது நம் நாட்டில் ஒரு தொழில். துப்புரவு மீனும் உலகச் சந்தையில் விற்கப்படும் மீன்களில் ஒன்று. ஒட்டுண்ணி சுமந்து வரும் நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்கள் இல்லாத கண்ணாடித் தொட்டியில் அது பெரும்பாலும் மெலிந்து போகும். பாறைக்கு மருத்துவர், தொட்டிக்கு வெறும் அழகுப் பொருள்.

ஆற்று மண் முருகையின் மேல் படிந்தால் அது ஒளியை இழந்து மூச்சுத் திணறும். மகாவலியில் எங்கள் மலையிலிருந்து கரைந்து போகும் மண்ணின் பெரும்பகுதியை வழியிலுள்ள நீர்த்தேக்கங்கள் பிடித்துக்கொள்கின்றன. அதனால் கடல் தப்பினாலும் நீர்த்தேக்கங்கள் தூர்ந்து போகின்றன. சரிவில் கான் வெட்டி, புல் வளர்த்து, மண்ணை மலையிலேயே நிறுத்துவது எங்கள் தோட்டத்துக்கும் நல்லது. கீழே உள்ளவர்களுக்கும் நல்லது.

கல்லூரிச் சுற்றுலாவில் திருகோணமலைக்குப் போகும் தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஆழங்குறைந்த நீரில் முருகையின் மேல் நடக்காதீர்கள். ஒரு காலடியில் முறியும் கிளை வளர்வதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும். செத்தது என்று நினைத்தும் ஒரு துண்டைப் பையில் போடாதீர்கள். அதற்குள் ஓர் உயிர் குடியிருக்கலாம். கடலைப் பற்றி மேலும் படிக்க விரும்புகிறவர்களுக்கு, றுகுணுப் பல்கலைக்கழகத்தில் மீன்பிடிக்கும் கடல் விஞ்ஞானத்துக்கும் என்றே ஒரு பீடம் இருக்கிறது. என் விண்ணப்பத்தில் அதை எழுதுவது என்று முடிவு செய்திருக்கிறேன். மலைநாட்டுப் பிள்ளைக்குக் கடல் எதற்கு என்று கேட்பவர்களுக்கு, ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று காட்டினால் போதும்.

தோழியின் கேள்விக்கு என் விடை இது. ஏமாற்றுகிறவன் பிழைப்பது உண்மைதான். ஆனால் அவன் தன் சொந்தக் கெட்டித்தனத்தில் பிழைப்பதில்லை; நாள் முழுவதும் ஆயிரத்து இருநூறு ஒட்டுண்ணிகளைப் பொறுக்கி எடுத்த ஒரு சிறு தொழிலாளி சம்பாதித்து வைத்த நம்பிக்கையில் பிழைக்கிறான். அந்தத் தொழிலாளியைக் காப்பாற்றுவதுதான் பாறையைக் காப்பாற்றும் வழி.